செவுளில் தொடங்கும் செவி: நம் கடற்கரையில் காதுகளைத் தேடிப் பார்ப்பது எப்படி?

மீனுக்குக் காது எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் செவுளைத் தூக்கிக் காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘செவுளில் ஒன்று வைத்தான்’ என்றால் அடி விழுந்தது காதோரத்தில். மொழியே இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது. ஆனால் கத்தியோடு தேடிப் போனால் செவுளில் காது கிடைக்காது. அது மண்டை எலும்புக்குள், மூளைக்கு இருபுறமும் புதைந்திருக்கிறது. மடல் இல்லை, துளை இல்லை, செவிப்பறை இல்லை. இருப்பது ஒரு சிறு பையும் அதற்குள் ஒரு கல்லும்தான்.

பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே இருந்தாலும் சரி, மீன் ஏலக்கூடம், வீட்டுச் சுவர், ஆட்டுப்பட்டி, கடல் இவற்றை வைத்தே காது எடுக்கும் வடிவங்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். வேண்டியவை: கூரான சிறு கத்தி, நுனி வளையாத இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், டார்ச், ஒரு கைப்பிடி கோதுமை மாவு. பள்ளியிலோ கல்லூரியிலோ நுண்ணோக்கி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் முக்கால்வாசி வேலை நடக்கும்.

முதலில் ஒரு கணக்கு

காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மிச்சம் வந்த வழியே திரும்பிவிடும். நம் உட்காதோ நீர் நிரம்பியது. ஒலியை உணரும் செல்கள் எல்லாம் அந்த நீருக்குள்தான் இருக்கின்றன. வெளியே காற்று, உள்ளே நீர். இடையில் பாலம் போடத்தான் நடுக்காது. செவிப்பறையின் பரப்பு, அங்கவடி எலும்பு பொருந்தியிருக்கும் உட்காதுச் சன்னலைப் போல ஏறக்குறைய 17 மடங்கு. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்பும் நெம்புகோலாக வேலை செய்து இன்னும் 1.3 மடங்கு கூட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் சுமார் 22 மடங்கு அழுத்தம். இவ்வளவு வேலை பார்க்கும் அங்கவடியின் நீளம் 3 மி.மீ., எடை 3 மில்லிகிராம் அளவுதான்.

மீனுக்கு இந்தப் பாலம் வேண்டியதில்லை. அதற்கு வேறு சிக்கல். அதன் உடம்பும் கடல்நீரும் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஒலி உடம்பைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரோடு சேர்ந்து உடம்பு முழுக்க அசையும்போது, கூடவே அசையாமல் பின்தங்குகிற ஒன்று உள்ளே இருந்தால்தான் அசைவு தெரியும். அதற்குத்தான் கல். நீரைவிடச் சுமார் மூன்று மடங்கு கனமான கல் பின்தங்கும்போது, அதன் அடியில் இருக்கும் மயிர்செல்கள், அதாவது மயிர் போன்ற நுனி கொண்ட உணர்செல்கள், வளைகின்றன. நரம்பு அதை மூளைக்குச் சொல்கிறது.

காற்றில் கேட்கும் காதா, நீரில் கேட்கும் காதா? எந்த உயிரின் காதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். வடிவத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

கத்தாழைத் தலையிலிருந்து கல் எடுப்பது

முதல் முயற்சிக்குக் கத்தாழை மீனே சிறந்தது. உடலளவுக்கு மிகப் பெரிய கல் உள்ள மீன்களில் இந்தக் குடும்பம் முன்வரிசையில் நிற்கிறது. 25 செ.மீ. நீளமுள்ள மீனில் கல் ஒரு செ.மீ. அளவுக்குக் கிட்ட வரும். சாளையில் தொடங்காதீர்கள், அதன் கல் இரண்டு மூன்று மி.மீ. செதில்தான், இடுக்கி பட்டதும் நொறுங்கும். வஞ்சிரமும் சூரையும் ஆள் பெரிது, கல் சிறிது. வேகமாக ஓடும் மீன்களில் பெரும்பாலும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது. அப்போது நாட்டுப்படகில் வரும் கிழங்கான், விளமீன், ஓரா ஆகியவற்றை வைத்துச் சமாளிக்கலாம்.

ஐஸில் வைத்த மீன் போதும். ஃபார்மலின் ஜாடியில் பல ஆண்டு கிடந்த பள்ளி மாதிரி மட்டும் வேண்டாம். ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகிக் கல்லைக் கரைத்துவிடும். மண்டையைத் திறந்தால் உள்ளே வெறும் பை இருக்கும்.

கத்தி வைக்கும் முன் மீனை அளந்து எழுதுங்கள்: வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை நீளம், எடை, வாங்கிய இடம், தேதி. பிறகு அளக்கலாம் என்று விட்டால் மீன் குழம்புக்குப் போயிருக்கும்.

கல் எடுக்க இரண்டு வழி உண்டு. மேலிருந்து வெட்டுவது எளிது. மீனை முதுகு மேலாகப் பலகையில் வைத்து, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கண்குழிகளில் கொடுத்து இறுகப் பிடியுங்கள். செவுள்மூடியின் மேல் விளிம்பு தலையோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே கத்தியை வைத்து, கண்ணின் மேல் விளிம்பை நோக்கிக் கிடையாக ஓட்டுங்கள். டப்பா மூடி போல மண்டை ஓடு கழன்று வரவேண்டும். உள்ளே வெளுப்பாக மூளை தெரியும். அதை இடுக்கியால் ஒதுக்கினால், அதன் பின்பாதிக்கு இருபுறமும் சற்றுக் கீழே இரண்டு குழிகள் இருக்கும். கண்ணாடி மாதிரிச் சவ்வுக்குள் பால்வெள்ளையாகக் கிடப்பதுதான் கல். நடுவில் அழுத்திப் பிடிக்காமல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

பெரும்பாலும் தவறுவது கத்தியின் உயரத்தில். தாழ்ந்து போனால் ‘நறுக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கல் இரண்டாகிவிட்டது என்று அர்த்தம். உயர்ந்து போனால் எலும்பு மட்டும் சீவி வரும், மூளை தெரியாது. கவலை இல்லை, இரண்டிரண்டு மி.மீ. ஆகக் கீழே இறக்கி மறுபடி வெட்டலாம். ஆகவே சந்தேகம் வந்தால் உயரமாகவே தொடங்குங்கள்.

இரண்டாவது வழி செவுள் வழியாக. செவுள்மூடியைத் தூக்கி, செவுள்களை வெட்டி எடுத்துவிட்டு, மண்டையின் அடிப்புறத்தைப் பாருங்கள். முதுகெலும்பு மண்டையோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், கத்தாழையில் இரண்டு புடைப்புகள் தடவினாலே தெரியும். அங்கே எலும்பு மெல்லியது. கத்தி முனையால் சுரண்டித் திறந்தால் கல் நேராகக் கையில் வரும். தலை வெளிப்பார்வைக்குக் குலையாது என்பதால் வீட்டில் சண்டை வராது. பழகியபின் இதுவே நல்ல வழி.

எடுத்த கல்லை நீரில் நனைத்து விரலிடையே தேய்த்தால் சவ்வு போய்விடும். வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணீர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கல் முழுக்கக் கால்சியம் கார்பனேட். உடைந்துபோன துண்டு இருந்தால் அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். நல்ல கல்லை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, காகித உறையில் இடது வலது தனித்தனியாகப் போட்டு, பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் ஓடும். ஒவ்வொரு பக்கமும் உண்மையில் மூன்று கற்கள் உண்டு. மற்ற இரண்டும் மிகப் பொடி. முதல் தடவை கண்ணில் படாது.

இப்போது லென்ஸை எடுங்கள். கல்லின் ஒரு முகம் புடைத்து, மேடுபள்ளமாக இருக்கும். மூளைப் பக்கம் பார்த்திருந்த மறுமுகத்தில் ஒரு பள்ளம் ஓடும். நரம்புள்ள மயிர்செல் படுகை ஒட்டியிருந்த தடம் அது. கத்தாழையில் அந்தத் தடம் அச்சு அசலாகத் தலைப்பிரட்டை போலவே இருக்கும்: முன்னால் அகலமான தலை, பின்னால் வளைந்து இறங்கும் வால். தலைப்பிரட்டை தெரிந்தால் அது கத்தாழைக் குடும்பம். மீன் தின்னும் பறவையின் கழிவிலும், பெரிய மீனின் வயிற்றிலும் கிடைக்கும் கல்லை வைத்து, தின்றது எந்த மீன் என்று ஆய்வாளர்கள் சொல்வது இந்த மாதிரி அடையாளங்களால்தான்.

கெளுத்தியில் கதை மாறும். முதலில் குறடால் முதுகு முள்ளையும் இரண்டு பக்க முள்ளையும் நறுக்கிவிடுங்கள். குத்தினால் விஷக்கடுப்பு சாயங்காலம்வரை விடாது. அதன் மண்டைக் கவசம் கெட்டி, கனமான கத்தி வேண்டும். கத்தாழையில் பொடியாக இருந்த இன்னொரு கல் கடல் கெளுத்தியில் மணி போல உருண்டு பெரிதாக இருக்கும். கூடவே, முதுகெலும்பின் தொடக்கத்தில் சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலியாகக் கோத்து நெட்டியை, அதாவது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை, உட்காதோடு இணைக்கின்றன. நெட்டியில் காற்று இருக்கிறது. ஒலி பட்டால் அது அதிரும். அந்த அதிர்வு சங்கிலி வழியாகக் காதுக்குப் போகும். நெட்டிக்கும் காதுக்கும் தொடர்பில்லாத மீன்கள் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நன்றாகக் கேட்கும். தொடர்புள்ளவை அதற்கு மேலும் கேட்கும். விலை போகும் நெட்டியைத் தனியாக எடுத்துவைக்கும்போது, காதின் வெளிப்பாகத்தையும் சேர்த்தே எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வளையம் எண்ணுகிறவர்களுக்கு

மரத்தைப் போலக் கல்லிலும் வளையம் விழும். 1899-ல் ஜெர்மானியரான ரைபிஷ் இதை வைத்து மீனின் வயதைச் சொன்னார். 1971-ல் பனெல்லா, ஒரு நாளுக்கு ஒரு மெல்லிய வளையம் விழுவதையும் காட்டினார். கல்லை நகப்பூச்சால் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஈரமான உப்புத்தாளில் 400, 800, 1200 என்று படிப்படியாக மைய்யம் தெரியும்வரை தேயுங்கள். அவசரப்பட்டால் மைய்யத்தையே தேய்த்துவிடுவீர்கள். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை லென்ஸில் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. கறுப்புத் தாளில் வைத்து மேலிருந்து ஒளி விட்டால் ஒளிபுகாப் பட்டை வெள்ளையாகத் தெரியும். கீழிருந்து ஒளி விட்டால் அதே பட்டை கறுப்பாகும். எந்த ஒளியில் எண்ணினீர்கள் என்று குறிக்காத கணக்கு பயன்படாது. அடுத்தது, குளிர் நாடுகளில் போலக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நம் கடல்நீர் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஆண்டு வளையம் மங்கலாக இருக்கும். இனப்பெருக்கமோ பட்டினியோ போட்ட பொய் வளையமும் நடுவில் வரும். மூன்று வளையம் தெரிகிறது, ஆகவே மூன்று வயது என்று முடித்துவிடாதீர்கள்.

திருக்கை, இறால்

ஏலக்கூடத்தில் திருக்கையைத் தொடாமலே பார்க்கலாம். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெரிய துளையைக் காது என்று நினைப்பவர் அதிகம். அது மூச்சுத்துளை, மணலில் பதுங்கியிருக்கும்போது அதன் வழியாகத்தான் நீரை இழுக்கிறது. உண்மையான காதின் வாய், தலை உச்சியில் நடுக்கோட்டை ஒட்டி ஊசி குத்தியது போன்ற இரண்டு புள்ளிகள். ஈரத்தைத் துடைத்துவிட்டு லென்ஸில் பார்த்தால்தான் தெரியும். உள்ளே ஒற்றைக் கல் கிடையாது, மாவு போன்ற துகள்கள்தான்.

அந்த மூச்சுத்துளையைக் காது என்று நினைத்தவர் முழுக்கத் தப்புச் செய்யவில்லை. மீனின் முதல் செவுள் பிளவில் மிஞ்சியதுதான் அந்தத் துளை. நம் கருவிலும் அதே இடத்தில் ஒரு பை தோன்றி, அதுவே நடுக்காதாகவும் தொண்டைக்கும் காதுக்கும் இடையில் ஓடும் குழாயாகவும் வளர்கிறது. நம் சுத்தியும் பட்டடையும் பழைய தாடை மூட்டின் எலும்புகள் என்று ரைக்கர்ட் 1837-லேயே காட்டினார். அங்கவடியோ செவுளைத் தாங்கிய வளைவிலிருந்து வந்தது. செவுளும் செவியும் தமிழில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது தற்செயலாக இருக்கலாம். கருவில் அப்படி இல்லை.

இறாலுக்குத் தலையின் முன்னால் சிறிய உணர்கொம்பின் அடியில் ஒரு பை. அதற்குள் அதுவே மணலை எடுத்துப் போட்டுக்கொள்ளும். தோலுரிக்கும்போது பையின் உள்வரிசையும் கழன்றுவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் புது மணல் வேண்டும். 1893-ல் கிரைட்ல் என்பவர் தொட்டியில் மணலுக்குப் பதில் இரும்புத்தூளைப் போட்டுவைத்தார். தோலுரித்த இறால் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டது. பிறகு காந்தத்தை மேலே காட்டியதும் அது எது மேல், எது கீழ் என்று தெரியாமல் புரண்டது. காதின் ஆதி வேலை கேட்பதல்ல, நிலை தடுமாறாமல் வைப்பது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை.

கரையிலிருந்து கடலுக்குத் திரும்பியவை

ஆமை, ஓங்கில் (டால்பின்), ஆவுளியா (கடற்பசு) மூன்றும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. இறந்து ஒதுங்கியிருந்தாலும் எலும்பு எடுக்கக்கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

ஆமைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் துளை தேடாதீர்கள். தாடைக்கு மேலே, சுற்றியிருப்பதைப் போன்ற தோலே மூடிய ஒரு வட்டம்தான் செவிப்பறை; அதன் அடியில் தடித்த கொழுப்பு. கேட்பது கனத்த, தாழ்ந்த ஒலிகளைத்தான். ஆவுளியாவுக்கு மடல் கிடையாது. கண்ணுக்குப் பின்னால் குண்டூசித் தலை அளவு துளை. ஓங்கிலுக்கும் அப்படியே. ஆனால் அது கேட்பது அந்தத் துளை வழியாக அல்ல. கீழ்த்தாடைக்குள் நிறைந்த கொழுப்பு ஒலியை வாங்கிக் காதெலும்புக்குக் கொண்டுபோகிறது. அந்தக் காதெலும்பு மண்டையோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது. சுற்றிலும் காற்று நுரை. ஏன் அப்படி என்பது கீழே மூழ்கும் பகுதியில் வரும்.

சுவரிலும் பட்டியிலும்

இரவில் சுவர்ப்பல்லி கிடைத்தால் அதன் ஒரு பக்கக் காதுத்துளைக்கு நேராக டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். அந்தப் பக்கத் துளை மங்கலாக ஒளிரும். இரண்டு செவிப்பறைக்கும் இடையில் வாய்க்குழி வழியாக வெறும் காற்றுதான். தலை சின்னது, இரண்டு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்தில் வித்தியாசமே இல்லை. உள்ளே திறந்து வைத்ததால்தான் அதற்குத் திசை தெரிகிறது.

கோழிக்குக் கன்ன இறகை விலக்கினால் துளை. பறவைக்கும் மீனுக்கும் செத்த மயிர்செல் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 செல்களோடு பிறக்கிறோம், அவ்வளவுதான் கையிருப்பு.

மாட்டுக்கு 12 இலக்கக் காதுவில்லை போடுவதாக இருந்தால், மடலின் நடுவில் ஓடும் இரண்டு குருத்தெலும்பு வரம்புகளுக்கு இடையில் குத்தவேண்டும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ரத்தக்குழாய் நிழலாகத் தெரியும். அதை விட்டுக் குத்தினால் ரத்தம் வராது. விளிம்போரம் போட்டால் வேலியில் மாட்டிக் கிழியும். நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கிப் பிறகு உள்ளே திரும்பும், ஒரு முழங்கை போல. குளித்த தண்ணீர் அந்த வளைவில் தங்கி அழுகுவது அதனால்தான். குளிப்பாட்டியதும் காதடியைப் பிசைந்துவிட்டு, அதையே தலையை உதறவிடுங்கள்.

நம் மடலுக்கு வருவோம். பாம்படம் தொங்கிய பாட்டிமாரின் காது தோள்வரை நீண்டாலும் கேள்வி குறையவில்லை. கீழ்ச்சோணையில் குருத்தெலும்பு இல்லை, கேட்பதில் அதற்குப் பங்கும் இல்லை. பங்கு மேலே உள்ள மடிப்புகளுக்கு. சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் கண்ணைக் கட்டி உட்கார வையுங்கள். ஒரு கை தூரத்தில் சாவிக்கொத்தை மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று மாற்றி மாற்றி 30 தடவை குலுக்கி, அவர் காட்டும் திசையைக் குறியுங்கள். பிறகு இரண்டு மடலின் பள்ளங்களையும் பிசைந்த கோதுமை மாவால் நிரப்பி, குழாய்த் துளையை மட்டும் திறந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இடமும் வலமும் கிட்டத்தட்ட மாறாது. மேல், கீழ், முன், பின் குழம்பிப் போகும். மாவு கெட்டியாக இருக்கட்டும். தளர்ந்தால் உள்ளே இறங்கும்.

மூழ்கும் காது

கடலுக்குள் தலையை விட்டதும் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று கேட்கும். பவளப்பாறையிலும் கல்லிடுக்கிலும் இருக்கும் சொடுக்கு இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. படகில் இருந்தே கேட்க, துடுப்பின் அலகை நீரில் விட்டுப் பிடி முனையைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். இன்ஜின் நிற்க வேண்டும்.

சங்கு குளிப்பவர்களுக்கும் தீவுகளில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை எடுக்கப் போகிறவர்களுக்கும் தொல்லை தருவது நடுக்காதுக் காற்றுதான். மீனுக்கு அது இல்லை, வலியும் இல்லை. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 10 மீட்டரில் காற்றின் கன அளவு பாதியாகும். வலியோ ஒரு மீட்டரிலேயே தொடங்கிவிடும். ஏறக்குறைய 1.2 மீட்டருக்கான அழுத்த வித்தியாசம் சேர்ந்துவிட்டால், தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையில் ஓடும் குழாயின் வாய் அழுந்தி மூடிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஆகவே வலித்த பிறகு ஊதுவது தாமதம்.

கரையிலேயே மூக்கைப் பிடித்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். இரண்டு காதிலும் ‘டிக்’ என்று கேட்கவேண்டும். ஒன்று கேட்காவிட்டால், அல்லது சளி இருந்தால், அன்றைக்கு மூழ்க வேண்டாம். சளி மருந்து போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். நடுவில் மருந்து விட்டுப்போனால் மேலே வரும்போது அடைக்கும். நீர் மட்டத்தில் ஒருமுறை மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமப்படுத்துங்கள். பிறகு முதல் நாலு மீட்டருக்கு அரை மீட்டருக்கு ஒருமுறை. அதன்பின் மீட்டருக்கு ஒருமுறை போதும். அடைத்தால் நிறுத்தி ஒரு கை உயரம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். கன்னம் புடைக்க அழுத்தி ஊதக்கூடாது, உட்காதுச் சவ்வு கிழியும். தலை கீழாகப் போவதைவிடக் கால் கீழாக, நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்குவது எளிது. கல்லில் கால் வைத்து இறங்கிய பழைய முத்துக்குளிப்பு முறைக்கு இந்த ஆதாயம் இருந்தது.

மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியோடு ஆழம் போகாதீர்கள். அதற்குள் காற்றைச் சமப்படுத்த வழியில்லை, கண் ரத்தமாகச் சிவக்கும். காதில் அடைப்பானோ எண்ணெய்ப் பஞ்சோ வைத்தாலும் இதே கதை. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் சிக்கிய காற்று, செவிப்பறையை வெளிப்பக்கமாக இழுக்கும்.

நீருக்குள் திசையை நம்பக்கூடாது. காற்றில் ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு ஒலி வர அதிகபட்சம் 0.6 மில்லிநொடி ஆகும். மூளை அந்த வித்தியாசத்தில்தான் இடவலம் அறிகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர், காற்றைவிட நாலு மடங்குக்கு மேல். வித்தியாசம் 0.15 மில்லிநொடிக்கும் கீழே சுருங்கிவிடும். போதாக்குறைக்கு மண்டை எலும்பு முழுதும் அதிர்ந்து இரண்டு காதுக்கும் ஒன்றாகவே சேதி தரும். படகுச் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதாகத் தோன்றும். ஓங்கிலின் காதெலும்பு தனியாகத் தொங்குவது இதைத் தவிர்க்கத்தான். நமக்கு அந்த வசதி இல்லாததால், இன்ஜின் சத்தம் கேட்டால் கீழேயே நின்று, மேலே கண்ணால் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கையைத் தூக்கியபடி எழுங்கள். மேலே ஒருவர் கொடியோடு காவல் இருப்பது கட்டாயம்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, தலையைச் சாய்த்து, மடலை மேல்பக்கமாகப் பின்னுக்கு இழுத்து வடியவிடுங்கள். கோழியிறகு, ஹேர்பின், பட்ஸ் எதுவும் வேண்டாம். குழாய் இரண்டரை செ.மீ. நீளந்தான், செவிப்பறையின் தடிமன் ஒரு மி.மீ.இல் பத்தில் ஒரு பங்கு. அடிக்கடி அரிக்கிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, வெள்ளை வினிகரும் தேய்ப்பு ஆல்கஹாலும் சம அளவு கலந்து நாலைந்து சொட்டு விட்டு வடியவிடலாம். ஓட்டை இருந்தால் அதே கலவை நடுக்காதுக்குள் போய் உயிர்போகும் வலி தரும்.

மூழ்கும்போது ஒரு ‘பட்’, பிறகு குளிர்ச்சியாக உள்ளே ஏதோ இறங்குவது போலவும் உலகமே சுற்றுவது போலவும் இருந்தால் செவிப்பறை கிழிந்து நீர் புகுந்திருக்கிறது. கயிற்றை இறுகப் பிடியுங்கள். சுற்றல் ஒரு நிமிடத்தில் அடங்கும், பிறகு மேலே வாருங்கள். ரத்தமோ சீழோ வந்தால், சுற்றல் நிற்காவிட்டால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்; மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம். எண்ணெய் விட்டுக் காத்திருக்கும் வழக்கம் அந்த நாட்களைத் தின்றுவிடுகிறது. கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானே ஆறும், ஆனால் மருத்துவர் சொல்லும்வரை நீரில் தலை நனையக்கூடாது.

இன்ஜின் பக்கம் உட்காருகிறவர்களுக்கு

ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபெலைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 85-ல் 8 மணி என்றால் 94-ல் ஒரு மணி. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும், போடத் தெரியவேண்டும். விரலிடையே உருட்டி மெல்லிய திரியாக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த குழாய் நேராகும். திரியை உள்ளே விட்டு, அது விரியும்வரை 30 நொடி விரலால் பிடித்திருங்கள். சரியாகப் போட்டிருந்தால் உங்கள் பேச்சே உங்களுக்குப் பானைக்குள் பேசுவது போலக் கேட்கும். வெளியே பாதி துருத்திக்கொண்டு நின்றால் எடுத்துவிட்டு மறுபடி உருட்டுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் கழற்ற மறக்காதீர்கள்.